கயற்கொடி என்ற கல்

கல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், பூமியில் ஒருவர் முணுமுணுத்தால்கூட வானத்தில் கேட்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, இப்போது போலவே அப்போதும், கணக்கில்லாத கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்கும் பெயர் கிடையாது. கோள்களுக்குப் பெயர் உண்டு, அவற்றைச் சுற்றும் நிலாக்களுக்கும் உண்டு. இந்தக் கற்களை மட்டும் "ஏய், கல்லு" என்று கூப்பிட்டால் போதும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் பத்தாயிரம் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சின்னக் கல், இதை நினைத்து நினைத்தே மருகியது. யாராவது ஒருவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கு வேறு ஆசையே இல்லை.

ஒருநாள் பூமியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அந்தோணி சார், இங்க பாருங்க. நேத்து எடுத்த படத்துல இந்தப் புள்ளி இங்க இருந்துச்சு. இன்னைக்கு நகர்ந்திருக்கு."

பேசியவள் செவ்வந்தி. மலைமேல் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படம் பிடிப்பவள். கூட வேலை பார்க்கும் அந்தோணிசாமி படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"புதுக் கல்லுதாம்மா. ஆனா அவசரப்பட்டுப் பேர் வெச்சிடாதே. நாலு வருஷம் சுத்திட்டு, நாம சொல்ற நாள்ல, சொல்ற இடத்துக்கு வரணும். வந்தாத்தான் பேர். வியாழனுக்கே ஒரு சுத்து சுத்தி வந்த பிறகுதானே பேர் வெச்சாங்க?"

செவ்வந்தி படத்தை வாங்கி அந்தப் புள்ளியையே பார்த்தாள். அவளுடைய தங்கை கயற்கொடி விண்கலத்தில் போனவள். "போயிட்டு வரேன்க்கா, பத்தே நாள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கலம் திரும்பவே இல்லை.

"இதாவது திரும்பி வரட்டும், சார்" என்றாள் மெல்ல.

கல்லுக்கு நெஞ்சை அடைத்தது. கல்லுக்கு ஏது நெஞ்சு என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் இருந்தது.

மூன்றாம் வருஷம் அது தன் பாதையில் வியாழனுக்குப் பக்கமாக வந்தபோது, அந்த வட்டாரத்துக்கே பெரியவனான வியாழன் கையாட்டிக் கூப்பிட்டான்.

"என்ன கல்லு, இப்படியே எத்தனை காலம் ஓடுவே? என்கிட்ட வந்துடு. என் நிலாக்களோட நீயும் ஒரு நிலா. இப்பவே பேர் வைக்கிறேன்."

இப்பவே! கல்லுக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் அவன் பக்கம் சாய்ந்தும் விட்டது. அப்போதுதான் செவ்வந்தியின் குரல் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம்ணே. அங்க ஒருத்தி எனக்காகக் காத்துக்கிட்டிருக்கா."

"அவ பேர் வைப்பாளோ, மாட்டாளோ!"

"வைக்காட்டியும் பரவாயில்லை. நானும் வரலேன்னா அவ தாங்க மாட்டா."

வியாழன் லேசில் விடுவானா? அவன் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு வந்ததில் மேனியில் ஒரு பக்கம் பெயர்ந்துபோனது, பாதையும் கொஞ்சம் கோணிப்போனது. கல் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. அப்படியும் குறித்த நாளுக்குப் போய்ச் சேர முடியவில்லை.

மலைமேல் அந்தோணிசாமி தொலைநோக்கியை மூடப் போனார். "ஒன்பது நாள் ஆச்சும்மா. இனிமே வராது. விட்டுடு."

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கயலும் எதுக்குமே சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை, சார். அவ கல்யாணத்துக்கே அவதான் கடைசியா வந்தா" என்று சொல்லி, குறித்த இடத்திலிருந்து தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளித் திருப்பினாள்.

அங்கே மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது கல்.

"வந்துட்டியா!" என்றவள் வாய்விட்டு அழுதாள்.

அந்தோணிசாமி, பெயர் எழுதும் ஏட்டைத் திறந்தார். "என்ன பேரும்மா எழுத?" என்று கேட்டார்.

"கயற்கொடின்னு எழுதுங்க, சார்."

கல் அந்தப் பெயரைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. அது இன்னொருத்தியின் பெயர் என்று அதற்குத் தெரியும். அவளுக்காகப் பத்திரமாகச் சுமக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது.

"போயிட்டு வரேன்க்கா" என்றது.

வானத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரைத் திரும்பி வரும் சின்னக் கற்களுக்கு வைப்பது அன்று தொடங்கியதுதான். கொஞ்சம் பிந்தினாலும், அவர்கள் வந்துவிடுகிறார்கள்.