அசலுக்கு முன்னால் வந்த நகல்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். ஒரு நகை. அதற்கான தங்கத்தை இன்னும் உருக்கக்கூட இல்லை. ஆனால் அதைப் பார்த்துச் செய்த நகல் சபைக்கு வந்து ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. அது எப்படி?

தெரியவில்லையா? பரவாயில்லை. வேங்கைமலை அரண்மனைப் பொற்கொல்லர் வடமலை ஆசாரிக்கும் முதலில் தெரியவில்லைதான். கதையைக் கேளுங்கள்.

வேங்கைமலையை ஆண்ட செண்பக ராஜாவுக்கு ஒரே ஓர் ஆசை. தான் போடும் நகை வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. அதற்காகவே வடமலை, ராஜாவின் கையையும் கழுத்தையும் நூல் வைத்து அளந்து, புதிது புதிதாகச் செய்து கொடுப்பார்.

ஆனால் மூன்று முறை ஒரே கூத்து நடந்தது. முதல் முறை ராஜா கையில் புதிய கடகம் அணிந்து சபைக்கு வந்தபோது, ஆபரண அதிகாரி திருமேனிநாதர் அச்சு அசலாக அதே கடகத்தோடு எதிரே நின்றார்.

"அடடே, மகாராஜாவும் இதையா போட்டிருக்கிறீர்கள்? நான் போன மாதமே ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். நம் ஆசாரி எங்கேயோ பார்த்துச் செய்திருக்கிறார், பாவம்!"

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அடுத்து மோதிரம். அதற்கடுத்துப் பதக்கம். மூன்றாம் முறை ராஜா எழுந்தே விட்டார்.

"ஆசாரி! ஊரார் போட்டுக் கழித்ததையா எனக்குச் செய்கிறீர்? இன்னொரு முறை இப்படி நடந்தால், உலையை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு ஆற்றுக்கு அக்கரை போய்விடும்!"

வடமலை வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே காளத்தியின் வீட்டுக்குப் போனார். சபையில் காளத்திக்கு இருந்த ஒரே வேலை ராஜாவைச் சிரிக்க வைப்பது. அதை மட்டும் ஒழுங்காகச் செய்பவன். அவன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஆசாரியாரே, ராஜா போடுவதற்கு முன்னால் நகையை யார் பார்ப்பார்கள்?"

"யாரும் பார்க்க முடியாது ஐயா. முதலில் மெழுகில் மாதிரி செய்வேன். அது சரியாக இருந்தால்தான் தங்கம் ஊற்றுவேன்."

"அந்த மெழுகை?"

"வழக்கப்படி ஆபரண அதிகாரி பார்த்து ஒப்புதல் தரவேண்டும். ஐந்து நாள் அவர் வீட்டில்..." வடமலையின் வாய் அப்படியே நின்றது. "ஐயா, அவரா! நான் போய் ராஜாவிடம் சொல்லிவிடட்டுமா?"

"சாட்சி இல்லாமல் சொன்னால் ராஜா அவரைத்தான் நம்புவார். அவருக்குச் சால்வை கிடைக்கும், உமக்கு அக்கரைதான். அவர் வாயாலேயே சொல்லட்டும். இப்போது கையில் என்ன வேலை?"

"ராஜாவுடையது இன்னும் தொடங்கவில்லை. குட்டி இளவரசி அல்லி, தன் ஆட்டுக்குட்டி பஞ்சுவுக்கு ஒரு நகை கேட்டிருக்கிறாள். அளவு எடுத்துவிட்டேன்."

"எங்கே போடுவதற்கு?"

வடமலை காதோடு காதாகச் சொன்னார். காளத்திக்குக் கடலை புரையேறியது.

"அதையே மெழுகில் செய்து ஒப்புதலுக்கு அனுப்பும். யாருக்கு என்று கேட்டால், அரண்மனைக்கு என்று சொல்லும். பொய் இல்லையே!"

ஒரு சிறு குழல், விளிம்பில் ஐந்து இதழ், கீழே மூன்று சலங்கை. மெழுகு மாதிரி திருமேனிநாதர் வீட்டுக்குப் போனது. ஆறாம் நாள் ஒப்புதலோடு திரும்பி வந்தது. வடமலை அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். தங்கத்தைத் தொடவில்லை.

பௌர்ணமி சபை கூடியது. கலீர் கலீர் என்று சத்தம். திருமேனிநாதர் நுழைந்தார். தலைப்பாகை உச்சியில் தங்கக் குழல், ஐந்து இதழ், மூன்று சலங்கை. குழலுக்குள்ளிருந்து வெள்ளைப் பட்டுக் குஞ்சம் ஒன்று விறைப்பாக நின்றது.

"ஆகா!" என்று எழுந்தான் காளத்தி. "எங்கே பிடித்தீர் இதை?"

"வடக்கே இருந்து வந்த வியாபாரியிடம். மூன்று மாதம் ஆகிறது."

"தலையில் போடுவதுதானே? நிச்சயமா?"

"ஒரு நகை எங்கே உட்காரும் என்று பார்த்தவுடன் சொல்வேன். முப்பது வருஷப் பழக்கம், தம்பி! ஆசாரியாரும் இன்று இதே மாதிரி ஒன்று கொண்டுவந்திருப்பாரே?"

ராஜாவின் முகம் சிவந்தது. "ஆசாரி, எடும் பார்ப்போம்!"

வடமலை முன்னால் வந்தார். துணியைப் பிரித்தார். உள்ளே மெழுகு.

"மகாராஜா, இதை நான் இன்னும் தங்கத்தில் செய்யவே இல்லை. இந்த மெழுகு என் பட்டறையை விட்டு அதிகாரி வீட்டுக்குத்தான் போய்வந்தது."

"நான்தான் மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கினேன் என்கிறேனே!" என்றார் திருமேனிநாதர்.

"அங்கேதான் எனக்குச் சந்தேகம்," என்றான் காளத்தி. "இது அளவெடுத்துச் செய்த நகை. அளவு கொடுத்தவர் பிறந்தே இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் பிறப்பதற்கு முன்பே வடக்கத்தி வியாபாரிக்கு அளவு எப்படிப் போனது?"

"பிறந்தவரா? யார் அது?" என்றார் ராஜா.

காளத்தி கதவைத் திறந்தான். ஐந்து வயது அல்லி ஆட்டுக்குட்டியோடு உள்ளே வந்தாள். தலைப்பாகையைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள்.

"அப்பா, அது பஞ்சுவோட வாலுக்கு! அவரு ஏன் தலையில மாட்டியிருக்காரு?"

மெழுகை வாங்கிப் பஞ்சுவின் வாலில் மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. பஞ்சு வாலை நிமிர்த்தியது. குழலுக்குள்ளிருந்து வெள்ளை மயிர் விறைப்பாக நின்றது.

ராஜா வாலைப் பார்த்தார், தலைப்பாகையைப் பார்த்தார். அப்புறம் கழுத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்வரை சிரித்தார்.

"ஆசாரியாரே, உம் உலை அணையாது. இனி மெழுகு நேரே என்னிடம் வரட்டும். காளத்திக்கு ஒரு மூட்டை கடலை. திருமேனிநாதரே, உமக்கு இனி அரண்மனையில் வேலை இல்லை. ஆனால் நகை விஷயத்தில் என் சட்டம் உமக்குத் தெரியும். ஒரு நகையை ஒருவர்தான் போடலாம்."

மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அல்லிக்கண்ணு, அந்தத் தங்க நகை யாருக்குப் பொருத்தமாக இருக்கும்? பஞ்சுவுக்கா, இவருக்கா? நீயே சொல்."

அல்லி இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். ஆட்டுக்குட்டியைக் காட்டினாள்.