பரண் உப்பு அழுத நாள்

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது எங்க சின்னம்மா சுகிர்தம். நான் மூணாங்கிளாஸ் படிக்கையில அம்மை போட்டுப் படுத்திருந்தேன். வேப்பிலையால விசிறிக்கிட்டே சொன்னாங்க. இப்போ உனக்குச் சொல்றேன். ஜெபம் பண்ணியாச்சா? சரி, ஒருக்களிச்சுப் படு. நடுவுல நடுவுல "ம்" சொல்லணும். சத்தம் வரலைன்னா தூங்கிட்டேன்னு நினைச்சுப்பேன்.

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். கடலோரத்துல, எங்க பார்த்தாலும் பளபளன்னு பாத்தி பாத்தியா உப்புத்தண்ணி. மரம் கிடையாது, புல்லு கிடையாது. அந்த ஊருக்கு வேதக்கனின்னு ஒரு பொண்ணு வாக்கப்பட்டு வந்தா. அவ பொறந்தது வயக்காட்டு ஊரு. வானத்தைப் பார்த்து, பூச்சியைப் பார்த்து மழை சொல்றதுல அவ வீட்டு ஆளுங்க கெட்டி.

அவ புருஷன் கோயில்பிள்ளை அதுவரைக்கும் லாரியில போய்க்கிட்டிருந்தான். போனா மாசக்கணக்கா வீடு வரமாட்டான். கல்யாணத்துக்கு அப்புறம் சொந்தமா பாத்தி கட்டி உப்பு விளைய வச்சான். வெள்ளை வெளேர்னு முதல் குவியல் எழும்பி நிக்குது. "இந்த உப்பு நல்லபடியா கரையேறிட்டா நான் உன்கூடவே இருந்திருவேன் ளா. மழையில கரைஞ்சா மறுபடி லாரிதான்"ன்னான்.

அன்னையிலேருந்து வேதக்கனிக்கு வானத்து மேலேயே கண்ணு. ம்?

அப்புறம் ஒரு நாள் பாத்தியில தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தா. தட்டான் எல்லாம் ர்ர்ர்... ர்ர்ர்னு முழங்கால் உயரத்துல பறக்குது. அவ ஊர்ல தட்டான் தாழப் பறந்தா மழைன்னு அர்த்தம். "மழை வருது, மழை வருது! குவியலை மூடுங்க!"ன்னு கத்துனா. ஆளுங்க எல்லாம் திடுதிடுன்னு ஓடி, கிடுகு தூக்கியாந்து மூடுனாங்க. கிடுகுன்னா தென்னோலை முடைஞ்சது, தெரியுமில்ல?

ஒரு சொட்டு மழை இல்ல. வெயில் சுள்ளுனு அடிக்குது. மூடி வச்சா உப்பு காயாது. அன்னைக்குக் காய வேண்டியது வீணாப்போச்சு.

கோயில்பிள்ளைக்குத் தம்பி முறையில ஞானமுத்துன்னு ஒருத்தன், வாய்க்காரன். அவன் சொன்னான்: "மைனி, இங்க தட்டான் ஏறி உக்கார ஒரு செடி இருக்கா? மேல போனா கடல் காத்து தூக்கிட்டுப் போயிரும். அதனால வருசம் பூரா தரையோட தரையாத்தான் பறக்கும். நீங்க அதைப் பார்த்து மழை சொன்னா நாங்க தினமும் கிடுகு தூக்கணும்!"

எல்லாரும் சிரிச்சாங்க. வேதக்கனியும் சிரிச்சுட்டா, உள்ளுக்குள்ள வலிச்சாலும்.

அப்புறம் இன்னொரு நாள் அடுக்களை ஓரமா எறும்பு வரிசை போகுது. வாயில வெள்ளை வெள்ளையா என்னமோ தூக்கிட்டு, சுவர் மேல ஏறுது. எறும்பு முட்டையை மேட்டுக்குத் தூக்குனா மழைதானே? மண்ணுல ஈரம் ஏறுறது நமக்கு முன்னாடியே அதுக்குத் தெரியும். வேதக்கனி கும்பிடாத குறையா எல்லாரையும் கூப்பிட்டா. மறுபடி திடுதிடு, மறுபடி கிடுகு.

அப்போ அவ மாமியார் ரூத்தம்மா கண்ணைச் சுருக்கி, குனிஞ்சு, எறும்பு வாயில இருக்கிறதைப் பார்த்தாங்க.

"ஏளா! இது முட்டையா? புட்டுக்கு இடிச்சு வச்ச என் குருணை! களவாணிப் பயலுவ, மொத்தத்தையும் தூக்கிட்டுப் போறானுவ!"

சிரிக்கிறியா? ஊரே அப்படித்தான் சிரிச்சுது. ஆனா கிடுகை எல்லாம் அவங்கவங்க வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டாங்க. "இனி மைனி கூப்பிட்டா நான் வரவே மாட்டேன், ஆமா"ன்னுட்டான் ஞானமுத்து. கோயில்பிள்ளை மட்டும் பழைய லாரிப் பையை எடுத்துத் தூசி தட்டி வச்சான். அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

அப்போ அவ உக்காந்து யோசிச்சா. "ஆண்டவரே, எங்க ஊருக் கண்ணை வச்சுக்கிட்டு இந்த ஊரைப் பார்க்கிறேனே. தட்டான் ஏன் தாழப் பறக்குது? ஈரக் காத்துல குட்டிப் பூச்சிங்க றெக்கை கனத்துக் கீழே வரும், அதைப் பிடிக்க வருதுன்னு எங்கப்பா சொல்வாங்க. எறும்பு ஏன் ஏறுது? ஈரத்துக்குப் பயந்து. எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிறது ஈரம்தானே? அப்போ இந்த ஊர்ல ஈரத்தை முதல்ல யாரு கண்டுபிடிப்பா?"

யாரு? நீ சொல்லு பார்ப்போம். ம்?

உப்பு! கடல் உப்புல கசப்பு உப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். அது காத்துல இருக்கிற ஈரத்தை வா வான்னு இழுத்துக்கும். "உப்பளத்துல உப்பு எப்பவும்தானே ஈரம்?"னு நீ கேப்பே. வேதக்கனியும் கேட்டா. அதனால ஒரு மரவையில, அதான் மரக்கிண்ணத்துல, உப்பை எடுத்து, அடுப்புக்கு நேர் மேல பரண்ல வச்சா. கீழே தீ எரியுது, உப்பு மொறுமொறுன்னு காய்ஞ்சு கிடக்கு. தினமும் தொட்டுப் பார்த்தா. கடல் காத்து அடிச்சாலும் மொறுமொறு. மேற்கேயிருந்து மேகாத்து அடிச்சாலும் மொறுமொறு.

அப்புறம் ஒரு நாள் காலையில காத்தே இல்ல. கிடுகுல ஒரு ஓலை கூட அசையல. அடுப்புப் புகை மேல போகாம வீட்டுக்குள்ளயே சுத்துது. அவ பரணைத் தொட்டா. மரவை பிசுபிசு! உப்பு கசிஞ்சு, சொட்... சொட்னு அடுப்புல விழுந்து, சுர்ர்... சுர்ர்ருங்குது!

"யத்தே, உப்பு அழுவுது!"

ரூத்தம்மா விரலை வச்சுப் பார்த்தாங்க. "இந்தப் பரண்ல உப்பு கசிஞ்சு நான் பார்த்ததே இல்லையே! ஆனா மூணாவது தடவை யாருளா வருவா?"

வேதக்கனிக்கு சட்டுனு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. முதல் உப்பு வாரினா பாத்திக்கரையில ஜெபம் வச்சு, ஊருக்கே ஓலைக் கொழுக்கட்டை குடுக்கணும். வர்றவங்க ஆளுக்கு ரெண்டு கிடுகு கொண்டாந்து நிழலுக்குப் பந்தல் போடணும். அவங்க வீட்டு விருந்தை ஞாயித்துக்கிழமைக்குன்னு வச்சிருந்தாங்க.

"யத்தே, இன்னைக்கே வச்சுருவோமா?"

ரூத்தம்மா அவளைப் பார்த்தாங்க. அப்புறம் குபீர்னு சிரிச்சாங்க. "மாவை எடுளா!"

மாமியாரும் மருமகளும் அரிசி மாவுல கருப்பட்டியும் தேங்காயும் போட்டுப் பிசைஞ்சு, பனையோலையில வச்சு, புஸ் புஸ்னு அவிச்சாங்க. கோயில்பிள்ளை வீடு வீடாப் போய்ச் சொன்னான். மழைன்னு ஒரு வார்த்தை பேசல. கொழுக்கட்டைன்னா வராம இருப்பாங்களா? தலைக்கு மேல கிடுகைத் தூக்கிட்டு வரிசையா வந்துட்டாங்க. ஞானமுத்துதான் முதல் ஆளு.

"என்ன மைனி, இன்னைக்குத் தட்டான் என்ன சொல்லுது?"

"தட்டான் ஒண்ணும் சொல்லல கொழுந்தனாரே. உக்காருங்க."

பந்தல் போட்டாச்சு, ஜெபம் முடிஞ்சாச்சு. ஞானமுத்து ஓலையைப் பிரிச்சு, கொழுக்கட்டையை வாய்கிட்ட கொண்டுபோறான்.

ப்ளக்!

மூக்கு மேல ஒரு சொட்டு. அண்ணாந்து பார்த்தான். கடல் பக்கம் வானம் மையா கறுத்து வருது. ப்ளக், ப்ளக்!

"மைனீ...!"

கொழுக்கட்டையை முழுசா வாயில திணிச்சுக்கிட்டு, பந்தல் கிடுகை உருவி, வேதக்கனியோட குவியல் மேலதான் முதல்ல போட்டான். அப்புறம் பந்தலே பறந்துச்சு! சரக் சரக்னு கிடுகு, திடுதிடுன்னு காலு. யாரு கிடுகு, யாரு உப்புன்னு ஒருத்தரும் பார்க்கல. கடைசிக் குவியலை மூடவும், சோ...ன்னு கொட்டுச்சு பாரு மழை!

தலைக்கு மேல ஒரு கிடுகு கூட மிச்சமில்ல. எல்லாரும் தொப்பலா நனைஞ்சு நின்னுக்கிட்டே மிச்சக் கொழுக்கட்டையைத் தின்னாங்க. பரண் உப்புச் சேதியைக் கேட்ட ஞானமுத்து வாய் நிறைய வச்சுக்கிட்டு, "மைனி, அந்த மாதிரி ஒரு மரவையை நாளைக்கு எங்க வீட்டுப் பரண்லயும் வைக்கணும்"ன்னான். கோயில்பிள்ளை வேதக்கனி காதுகிட்ட வந்து, "லாரிக்கு ஆள் வேணும்னு கேட்டவங்ககிட்ட நான் வரலைன்னு சொல்லிரட்டா?"ன்னான். அவ சிரிச்சா. மூஞ்சி நனைஞ்சிருந்துச்சு. மழையா, கண்ணீரான்னு கேட்டா சின்னம்மா சொல்ல மாட்டாங்க.

உப்பையும் மூடியாச்சு, கதையையும் மூடியாச்சு. இனி உன் கண்ணைத்தான் மூடணும். எனக்காக ஒண்ணே ஒண்ணு செய்யி தங்கம். காலையில எந்திரிச்சதும் நம்ம அடுப்பு மேல இருக்கிற உப்பைத் தொட்டுப் பார்த்து, எப்படி இருக்குன்னு சொல்லு. துணி காயப் போடணும்.