ஏழு மரக்கட்டைகள்

"கணக்கு சரியாத்தான் இருக்கு மேடம். தண்ணிதான் தப்பாப் போகுது."

சொன்னவர் தெய்வசிகாமணி. நிலத்தடி நீர்ப் பிரிவில் அதிகாரி. ஐம்பத்திரண்டு வயதில் பகுதிநேர ஆராய்ச்சி மாணவரும்கூட.

கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியை ரெஜினா அவரைவிட ஆறு வயது சின்னவர். ஒன்பது வருடமாக ஆய்வேடு முடிகிற வழியைக் காணோம். இருவருக்கும் அலுத்துவிட்டது.

விஷயம் இதுதான். ஆற்றங்கரையில் ஒரு சாயக்கழிவுக் குளம் வரப்போகிறது. இருநூறு அடி தள்ளி ஊர்க் கிணறு. முந்நூறு வீடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. குளம் வரும் இடத்திலிருந்து கிணறு வரை ஏழு துளை போட்டு, அடுக்கடுக்காக மண்ணை எடுத்து, நூற்றுப் பதினெட்டு மாதிரிகளில் நீர் கசியும் வேகத்தை அளந்திருந்தார் தெய்வசிகாமணி. எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போயின. கழிவு கிணற்றை எட்ட நாற்பது வருடம் ஆகும் என்று வந்தது.

சோதித்துப் பார்க்க, முதல் துளையில் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள்.

இருபதாம் நாள் கிணறு கரித்தது.

மூன்று விதமாகச் சராசரி எடுத்துப் பார்த்துவிட்டாராம். நாற்பது வருடம் நாற்பது வருடமாகவே இருக்கிறதாம். ஊர்க்காரர்களே உப்பைக் கொட்டியிருப்பார்கள் என்கிறதாம் மேலிடம். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையில் கையெழுத்து வேண்டுமென்று ஒரே நச்சரிப்பு.

"போட்டுட்டுப் போய்ப் படுத்தாப் போதும்னு இருக்கு மேடம்."

ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மண்ணு பெட்டியெல்லாம் எங்க சார்?"

"ஜீப்புல."

"கொண்டாங்க."

துளைக்கு ஒரு பெட்டி; எடுத்த மண்ணை ஆழ வரிசைப்படி அடுக்கி, ஓரத்தில் அடிக்கணக்கு குறித்திருந்தது. ஏழு நடை நடந்ததில் தெய்வசிகாமணிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வராந்தா தரையில், துளை போட்ட வரிசைப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார் ரெஜினா. மனதுக்குள் சலித்துக்கொண்டே வைத்தார்.

ரெஜினா குனிந்தார். முதல் பெட்டியில், பதினாலாவது அடியில், களிமண் துண்டுகளுக்கு நடுவே நாலு விரல் அகலத்துக்கு ஒரு மரக்கட்டை.

"இது என்ன சார்?"

"அந்த எடத்துல மண்ணு வரலை மேடம். மத்தது நகரக் கூடாதுன்னு கட்டை வெச்சிருக்கு. எப்பவும் செய்றதுதான்."

"ஏன் வரலை?"

"பருமணல். குழாயைத் தூக்கும்போதே கொட்டிடும். கையில நிக்காது."

"அளந்தீங்களா?"

"மாதிரியே இல்லையே மேடம். எதை அளக்கறது?"

ரெஜினா உள்ளே போய் ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தார். முதல் பெட்டியின் கட்டை மேல் கோட்டை ஆரம்பித்தார். இரண்டாவது பெட்டியிலும் பதினாலாவது அடியில் ஒரு கட்டை. மூன்றாவதிலும். கோடு எங்கும் வளையாமல் ஏழு கட்டைகளையும் தாண்டித் தரைக்கு வந்தது. சாக்பீஸை அங்கேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தக் கோடு எங்க சார் போகுது?"

தெய்வசிகாமணி கட்டைகளைப் பார்த்தார். ஏழையும் அளவு பார்த்து அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்தவர் அவரேதான். வெட்கமாக இருந்தது.

"கிணத்துக்கு" என்றார்.