திருடன் பாவையின் கடுக்கன்

தோல்பாவைக் கூத்தில் திருடன் வந்தால் கூச்சல் போட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பாவை திரையில் தலை காட்டியதுமே "திருடன், திருடன்" என்று தெருவே கத்தும்.

போன ஆண்டு அரண்மனையிலிருந்து ஆள் வந்தது. இனித் திருடன் பாவையின் காதில் பிறைக் கடுக்கன் இருக்க வேண்டும் என்றார்கள். தேன்மலைக்காரர்கள் மட்டுமே போடுகிற கடுக்கன் அது. பாவை வெட்டும் சீடன் ஏகம்பன் அதிகம் யோசிக்கவில்லை. கேட்டது ஒரு கடுக்கன்தானே, வெட்டிக் கொடுத்தான். வேலை சுத்தமாக இருக்கிறதென்று பாராட்டும் வாங்கிக்கொண்டான்.

இந்த ஆண்டு மன்னனுக்கு அந்த மலை தேவைப்பட்டது. தேன்மலைக்காரர்கள்மேல் திருட்டுப் பட்டம் கட்டிக் கோட்டையில் அடைத்தார்கள். ஏகம்பனின் சிநேகிதன் கோடனும் அவர்களில் ஒருவன். ஊர்க்காரர் எவராவது வந்து இவன் நல்லவன் என்று சொன்னால் விட்டுவிடுவதாகக் காவல் தலைவன் அறிவித்தான். எவரும் வர மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஏகம்பன் வீடு வீடாக ஏறி இறங்கினான். காலங்காலமாகக் கோடனிடம் தேன் வாங்கியவர்களே முகம் கொடுத்துப் பேசவில்லை. தானே கோட்டைக்குப் போகலாம் என்பது மட்டும் ஏகம்பனுக்கு ஏனோ தோன்றவில்லை. ஆற்றாமையோடு ஆசானிடம் வந்தான்.

"கோடன் எதைத் திருடினான் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு எப்படி ஆசானே நம்புகிறார்கள்?"

ஆசான் திரையைக் கட்டி, பின்னால் விளக்கை ஏற்றச் சொன்னார். வெளிச்சத்தைப் பார்த்ததும் கூத்து என்று தெரு கூடிவிட்டது.

அவர் திருடன் பாவையை எடுத்துக் காதைக் கடுக்கனோடு கத்தரித்தார். முகமும் கையும் இல்லாத அந்தத் துண்டை மட்டும் குச்சியில் செருகித் திரையில் காட்டினார்.

"திருடன், திருடன்" என்று தெரு கத்தியது. கோடனிடம் விரல் நீட்டித் தேன் வாங்கி நக்கிய பிள்ளைகளின் குரலும் அதில் இருந்தது.

ஏகம்பன் திரையில் தெரிந்த கடுக்கனையே பார்த்தான்.

"நான் வெட்டியதுதான்" என்றான்.

"ஆமாம்."

"இனிமேல் வெட்ட மாட்டேன் ஆசானே. தலையே போனாலும் திருடன் காதில் கடுக்கன் வைக்க மாட்டேன்."

ஆசான் காதறுந்த பாவையை அவன் மடியில் வைத்தார்.

"இதன் காதில் இப்போதே இல்லை. கோடன் காதில் இருக்கிறதே, அதற்கு என்ன செய்யப்போகிறாய்?"

ஏகம்பன் பாவையைக் கீழே வைத்துவிட்டு, கோட்டை இருக்கும் பக்கமாக நடந்தான்.