கல்லடிச் சாட்சிகள்

முன்னொரு காலத்தில் மருங்கூர் நாட்டைச் செங்கோடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் முன்கோபக்காரர். அவர் எங்கே போவதென்றாலும் முந்தின நாளே முரசறைந்து சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியில் மாலை போட ஆளிருக்காதே.

ஒருநாள், ஆற்றில் வலை வீசிப் பிழைக்கும் பேச்சியம்மை சபைக்கு வந்து அழுதாள். அரண்மனைச் சாயப்பட்டறை மேலாற்றில் கழிவைக் கொட்டுகிறதாம். அந்தத் தண்ணீரைக் குடித்து அவள் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்களாம். பட்டறை அதிகாரி வீரபாகுவுக்கு முகம் கறுத்தது. அவருக்கு அமைச்சர் குணசீலர்மேல் நெடுநாள் புகைச்சல். அமைச்சர்தான் இவளைத் தூண்டிவிட்டார் என்று போட்டுக்கொடுத்தார். நேரிலேயே பார்த்துவிடுகிறேன், பொய்யென்றால் அந்த ஊரே நாட்டைவிட்டுப் போகட்டும் என்று ராஜா சொல்லிவிட்டார்.

வழக்கம்போல் முரசு அறைந்தார்கள். மறுநாள் ராஜா போய் நின்றால், ஆறு பளிங்குபோல் ஓடுகிறது. பேச்சியம்மை ஓடிப்போய்த் தண்ணீரை அள்ளி அள்ளிப் பார்த்தாள். அதைப் பார்த்த குணசீலருக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வந்தது. நோயில் கிடக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இவர்கள் எங்கே போவார்கள்?

அவர் நிதானமாக வீரபாகுவைக் கூப்பிட்டு, பட்டறைக்கு மேலேயும் கீழேயும் அவர் கையாலேயே ஆற்றுக் கற்களைப் புரட்டச் சொன்னார். மேலே புரட்டிய கல்லடியில் தட்டான்பூச்சிக் குஞ்சு, கூனி இறால், நத்தை எல்லாம் ஓடி ஒளிந்தன. கீழே எந்தக் கல்லைப் புரட்டினாலும் ஒன்றுமில்லை. வீரபாகுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீர்களா அரசே? மேலே ஒரே பூச்சி. என் பட்டறையைத் தாண்டினால் ஒன்றுகூடக் கிடையாது. இதைவிடச் சுத்தம் வேண்டுமா?"

ராஜாவும் தலையாட்டினார்.

"அதே ஆறு, அதே கல். நடுவில் இருப்பது உங்கள் பட்டறை ஒன்றுதான்," என்றார் குணசீலர். "இங்கே குடியிருந்ததெல்லாம் எங்கே போயிற்று, வீரபாகு?"

பிறகு குணசீலர் ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"அரசே, முரசு கேட்டதும் கழிவுத் தொட்டியை மூடிவிட்டார்கள். ஓடுகிற தண்ணீர் நேற்று நடந்ததைச் சொல்லாது. பூச்சி கல்லடியிலேயே மாதக்கணக்கில் கிடப்பது. விஷம் வந்த அன்றே செத்துவிடும். முரசறைந்தாலும் மறுநாள் வந்து நிற்காது."

ராஜா வெட்கிப்போனார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டார். பிள்ளைகளுக்கு அரண்மனை வைத்தியரை அனுப்பினார். இனிமேல் தமக்கு முன்னால் முரசு போகக் கூடாது என்றார். ஆற்றில் கழிவு விழக் கூடாது என்று கட்டளையிட்டார். கல்லடியில் பூச்சி திரும்பும்வரை வீரபாகு அந்த ஊரிலேயே குடியிருந்து அந்தத் தண்ணீரையே குடிக்க வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார்.

வீரபாகு தினமும் கல்லைப் புரட்டினார். மழைக்காலம் போன பிறகு ஒரு காலையில் சின்னத் தட்டான் குஞ்சு ஒன்று தென்பட்டது. அன்றே அவர் அரண்மனைக்குத் திரும்பியிருக்கலாம். கல்லைப் பூப்போல வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினார்.

"பேச்சியம்மா, வலையை அந்தப் பக்கம் வீசாதீங்க. இப்பத்தான் குடி வந்திருக்கு."