இஸ்பூன் டப்பாவின் முதல் எழுத்து

சவரிமுத்து தன் மனைவி புஷ்பமேரியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் அடுப்படியில் நின்று, "ஏங்க, இஸ்பூன் டப்பாவை எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். அவர் அலமாரியைக் காட்டிவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பி வரும்போது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

அந்த டப்பாவின் மேல் ஓர் எழுத்துக் குடும்பம் குடியிருந்தது. சவரிமுத்து ஆங்கிலத்துக்காகத் தாமே புதிதாக உண்டாக்கிய எழுத்துகள் அவை. "உங்க இங்கிலீஷ்ல எழுதுறது ஒண்ணு, படிக்கிறது ஒண்ணு" என்று அவள் அலுத்துக்கொண்டதில் தொடங்கிய வேலை. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. ஓசையில்லாத எழுத்துக்கு இடமே கிடையாது. அவள் வாயில் வருவதைக் கேட்டுக் கேட்டு வடிவம் போட்டார். அவளுக்கு ஸ்பூன் எப்போதும் இஸ்பூன்தான். அதனால் அந்த 'இ' ஒலிக்காக வளைவான எழுத்து ஒன்று டப்பா மேல் எழுதிய பெயரின் முதலில் வந்து உட்கார்ந்தது.

வளைவுக்கு வாய் அதிகம். டப்பாவுக்குப் பக்கத்தில், கடையில் வாங்கிய கத்தியின் அட்டைப்பெட்டி இருந்தது. அதில் ஆங்கிலத்தில் அச்சடித்த 'நைஃப்' என்ற சொல்லின் முதலில் 'கே' நிற்கும். படிக்கும்போது அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

"என்ன கே அண்ணே, இன்னைக்காவது வாயைத் திறப்பீங்களா? சும்மா நிக்கிறதுக்கு முதல் இடம் வேற" என்று வளைவு தினமும் சீண்டும்.

கே பதில் சொல்லாது.

புஷ்பமேரி போன பிறகு வளைவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரேடியோ பேசினால் காதைத் தீட்டிக்கொள்ளும். துக்கம் கேட்க வந்தவர்கள் காப்பி ஆற்றும்போது நிமிர்ந்து உட்காரும். எல்லோரும் 'ஸ்பூன்' என்றார்கள். மற்ற எழுத்துகளை அழைத்துவிட்டு அதை மட்டும் தாண்டிப் போனார்கள்.

"நீ கொஞ்சம் எந்திரிச்சுப் போயேன்" என்றது பக்கத்து எழுத்து. "நீ இல்லாட்டி நாங்க ஊருக்கே பொருந்துவோம்."

ஒருநாள் மருமகள் ஜாக்குலின் அலமாரியைத் துடைத்தாள். அந்த எழுத்துகளை அத்தையோடு சேர்ந்து படித்துப் பழகியவள். டப்பாவைக் கையில் எடுத்தாள்.

"மாமா, இந்த முதல் எழுத்து இப்ப வேண்டாமே. யாரும் அப்படிச் சொல்றதில்லை. உங்க கணக்குப்படியே தப்பு. பிளேடால சுரண்டிடவா?"

வளைவு சட்டென்று கே பக்கம் திரும்பியது. "கே அண்ணே, உங்களை மட்டும் ஏன் யாரும் சுரண்டலை?"

கே அன்றுதான் முதல்முறையாகப் பேசியது. "என்னையும் ஒரு காலத்துல வாய் நிறையச் சொன்னாங்க, தம்பி. சொன்னவங்க போயிட்டாங்க. எடுக்கிறதுக்கு யாருக்கோ மனசு வரலை போல."

சவரிமுத்து டப்பாவை வாங்கினார். கட்டைவிரலால் வளைவின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"இருக்கட்டும்மா."

"அப்ப எப்படி மாமா படிக்கிறது?"

"நீ ஸ்பூன்னே படி."

டப்பா பழைய இடத்துக்கே போனது. ஓசையில்லாத எழுத்தே கூடாது என்று அவர் உண்டாக்கிய முறையில் இப்போது ஓசையில்லாத எழுத்து ஒன்று இருக்கிறது.