குருவின் குணம்

"சுவாமி, இந்தப் பிள்ளைகளுக்குக் குணம் என்றால் என்னவென்றே விளங்கவில்லை" என்று வந்து நின்றான் பூவராகன்.

மடத்தில் சாயங்காலம் வாண்டுகளுக்குப் பொம்மைகளை வைத்துக் கதை சொல்வது அவன் பொறுப்பு. ஆசையாகக் கேட்டு வாங்கிய பொறுப்பு. இப்போது கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் பூசணிக்காய் நறுக்க அவனைத் திரும்பவும் சமையல்கட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று குரு கேட்டார்.

"நரியைக் கையில் எடுத்ததுமே இது தந்திரசாலி என்று சொல்லிவிடுவேன். ஆமை பொறுமைசாலி. சிங்கம் முன்கோபி. அப்புறம்தான் கதை. கேட்டால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். புதிதாக ஒரு கரடியை எடுத்தால், இதற்கு என்ன குணம் என்று என்னையே கேட்கிறார்கள்."

"நாளைக்குப் பொம்மை வேண்டாம். என்னை வைத்துச் சொல்."

மறுநாள் குரு பிள்ளைகளுக்கு எதிரே வந்து அமர்ந்தார். பக்கத்தில் அதிரசத் தட்டு. கதை முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அது. உள்ளதைச் சொன்னால், மிச்சமிருந்த கூட்டம் அதற்காகத்தான் வந்தது.

பூவராகன் தொண்டையைச் செருமினான். "இவர் நம் குரு. தன்னலமே இல்லாதவர்."

குரு ஓர் அதிரசத்தை எடுத்துத் தின்றார்.

"கருணை உள்ளவர்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

குரு இன்னொன்றை எடுத்தார். கண்ணை மூடி, ரசித்து மென்றார்.

"அடுத்தவர் பசி பொறுக்காதவர்..."

"பொய்" என்றாள் முன்வரிசையில் இருந்த செம்பா. பால்பல் விழுந்த பொக்கைவாய்.

பூவராகனுக்கு வியர்த்துவிட்டது. குரு மட்டும் சந்தோஷமாக அவள் பக்கம் திரும்பி, ஏன் என்று கேட்டார்.

"எங்களுக்கு வெச்சதை எல்லாம் நீங்களே திங்கிறீங்க. நீங்க தின்னிப்பண்டாரம்."

இல்லை, அவருக்குப் பசி என்றான் ஒருவன். பசித்தவர் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாரா என்றாள் இன்னொருத்தி. கீழே சிந்திய தூளை எறும்புக்குத் தள்ளிவிட்டாரே, அதை யாரும் பார்க்கவில்லையா என்று ஒரு பொடிசு சண்டைக்கு வந்தது. மண்டபம் சந்தைக்கடை ஆயிற்று. ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

"சரி, கதை சொல்கிற இவர் எப்படிப்பட்டவர்?" என்றார் குரு.

அன்பானவர் என்று வரும் என எதிர்பார்த்து நிமிர்ந்து நின்றான் பூவராகன்.

செம்பா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பயந்தாங்கொள்ளி."

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

"நீங்க திங்கிறது அவருக்கும் பிடிக்கல, மூஞ்சியைப் பாருங்க. ஆனா நல்லவர் நல்லவர்னே சொல்லிட்டிருக்காரு."

பூவராகனுக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குள் குரு அடுத்த அதிரசத்தை எடுத்துவிட்டார்.

வாயருகே போன கையைப் பூவராகன் எட்டிப் பிடித்தான். அதிரசத்தைப் பிடுங்கினான். தட்டையும் தூக்கிப் பிள்ளைகள் நடுவே வைத்தான். அவனுக்குக் கைகால் நடுங்கியது.

குரு விரலை நக்கியபடி செம்பாவைப் பார்த்தார். "இப்போது?"

செம்பா மென்றுகொண்டே யோசித்தாள்.

"இன்னும் பயந்துட்டுதான் இருக்காரு" என்றாள். "ஆனாலும் பிடுங்கிட்டாரு."